புழக்கடையில் முதலில் புதர், அப்புறம் மரம்: சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

மரம் நடுவது என்றதும் எல்லோருக்கும் பெரிய மரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வீடு கட்டி முடித்த கையோடு வாசலில் ஒரு வேம்பு, பின்னால் இரண்டு தென்னை, மிச்ச இடத்தில் நர்சரியில் கைகாட்டிய ஏதோ ஒரு பூமரம், அதோடு வேலை முடிந்தது. நான் சொல்லப் போவது இதற்குத் தலைகீழ்: முதலில் புதர், அப்புறம் சிறுமரம், இடம் இருந்தால் மட்டும் பெரிய மரம். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டுவது, தவிட்டுக்குருவிகள் கும்பலாக வெயிலுக்கு ஒதுங்குவது, பட்டாம்பூச்சி முட்டை வைப்பது எல்லாம் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள்ளேதான் நடக்கிறது. அந்த உயரத்தில் உங்கள் வீட்டில் சிமெண்ட் தரையும் குரோட்டன்ஸும் மட்டும் இருந்தால், மேலே எவ்வளவு பெரிய வேம்பு நின்றாலும் வந்து தங்கும் உயிர்கள் குறைவுதான்.

மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சுகிற பத்தடித் துண்டுக்கும் இது பொருந்தும், ஏற்காட்டில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் பொருந்தும். செடிகளின் எண்ணிக்கையும் வகையும்தான் மாறும்.

முதல் வேலை: பக்கத்துக் கரட்டைப் பார்ப்பது

சேலம் மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். வடக்கே நகரமலை, அதற்கும் பின்னால் சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கரடு இருக்கிறதோ அதன் அடிவாரத்தில் ஒரு காலை நடந்து பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமல், எரு போடாமல், ஏப்ரல் வெயிலிலும் பச்சையாக எது நிற்கிறதோ அதுதான் உங்கள் பட்டியலின் ஆரம்பம். விராலி, ஆவாரை, களா, காரை, வெப்பாலை, அரப்பு என்று போகும். பெயர் தெரியாவிட்டால் படம் எடுத்து வந்து, ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் யாரிடமாவது காட்டுங்கள், எந்தச் செயலியையும் விட அவர் சரியாகச் சொல்வார்.

சமவெளிக்கும் மலைக்கும் ஒரே பட்டியல் உதவாது. சேலத்தில் வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழையும் 1500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. மேலே மூடுபனியில் செழித்த செடியைக் கீழே அஸ்தம்பட்டிக்குக் கொண்டு வந்தால் முதல் கோடையே அதற்குக் கடைசிக் கோடை.

அடுத்து மண். நம் பக்கம் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண், ஒன்றிரண்டு அடிக்குக் கீழே கெட்டி. கருப்பூர், மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் மண். மேக்னசைட் வெட்டியெடுக்கும் பூமி அது, காரத்தன்மை அதிகம். அங்கே வைத்த செடியில் இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக மாறினால் பெரும்பாலும் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் வேம்பு, புங்கன், வன்னி, விளா, இலந்தை, ஆவாரை மாதிரி முரட்டு ஆட்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செண்பகத்தை வைத்துவிட்டு மருந்துக்கடைக்கு அலைய வேண்டாம். மலை மேல் மண் இதற்கு நேர்மாறு, புளிப்பு மண். அங்கே யாராவது சுண்ணாம்பு தூவச் சொன்னால் மண் பரிசோதனை செய்யாமல் தூவாதீர்கள்.

புது மனைகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஜேசிபி வைத்துச் சமன் செய்யும்போது மேல்மண் முழுக்கப் போய்விடும், அதற்கு மேல் கட்டடக் கழிவைக் கொட்டி மூடியிருப்பார்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த மண் வெள்ளைக்கல் மண் மாதிரியேதான் நடந்துகொள்ளும். குழி போடும் இடத்திலாவது கழிவை வழித்தெடுத்துவிட்டு வேறு மண் போடுங்கள். ஏரி வண்டல் கிடைத்தால் நல்லது.

நடும் முன் எடுக்க வேண்டியவை

உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக்கருவேல். மூன்றும் வெளியிலிருந்து வந்தவை, மூன்றும் நம் பக்கம் தாராளம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். சீமைக்கருவேலை மேலோடு வெட்டினால் மறுபடி தழையும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

உண்ணிச்செடி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெரிய உண்ணிப் புதர் ஒன்று பல வருடமாக நிற்கிறது என்றால், அதற்குள் குருவி கூடு இருக்கும், பட்டாம்பூச்சி அதில்தான் தேன் குடித்துக்கொண்டிருக்கும். ஒரே நாளில் மொத்தத்தையும் வழித்தால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. இந்த வருடம் மூன்றில் ஒரு பங்கை எடுத்து அங்கே நம் புதர்களை நடுங்கள், அவை இடுப்பளவு வந்ததும் அடுத்த பங்கு.

புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், அதற்காகத் தாத்தா வைத்த புளியை வெட்டச் சொல்லி நான் எழுதவில்லை. நிழல் தரும் பழைய மரம் எதுவானாலும் நிற்கட்டும். புதிதாக நடும்போது மட்டும் கவனம். குல்மோகர் என்கிற செம்மயில்கொன்றை மடகாஸ்கர் மரம், காற்றுக்குக் கிளை முறியும். தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, அது படரும் அகலத்துக்கு வீட்டு மனை போதாது. இப்போது பல இடங்களில் வேலியாக வைக்கிற கொனோகார்பஸைக் குஜராத் அரசு 2023இல் தடையே செய்துவிட்டது. அதை வாங்காதீர்கள்.

புதர்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

வெயில் நேரடியாக அடிக்கும் வறண்ட மூலைக்கு ஆவாரை, விராலி. ஆவாரை கிட்டத்தட்ட வருடம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும், ஆடு வாய் வைக்காது, பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூவும் கிடைக்கும். விராலி மண் அரிப்பைத் தடுக்கும், சரிவில் வரிசையாக நட்டால் வரப்பு மாதிரி நிற்கும்.

நொச்சியும் ஆடாதோடையும் குச்சி வைத்தாலே வரும். நொச்சி பூத்தால் தேனீ நிறைய வரும். ஆடாதோடை கொஞ்சம் நிழலிலும் வளரும், தேன்சிட்டு அதன் வெள்ளைப் பூவைத் தேடி வருவதைப் பார்க்கலாம்.

பறவைக்குப் பழம் வேண்டுமென்றால் களா, காரை, சங்கஞ்செடி. மூன்றுக்கும் முள் உண்டு. முள் இருப்பது குறை என்று நினைக்காதீர்கள், பூனையும் காக்கையும் உள்ளே புக முடியாத இடத்தில்தான் சின்னான் தைரியமாகக் கூடு கட்டும். குழந்தைகள் ஓடும் பக்கம் வைக்காமல் வேலியோரம் வைத்தால் போதும். களாவில் ஊறுகாய் போடும் அளவுக்குக் காய் நமக்கும் கிடைக்கும்.

பட்டாம்பூச்சிக்காகப் பூச்செடி வைக்கிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். தேன் எங்கும் கிடைக்கும். புழு தின்ன இலைதான் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பட்டாம்பூச்சியும் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டும்தான் முட்டை வைக்கும். கறிவேப்பிலை இருந்தால் கறிவேப்பிலை அழகி வரும், எலுமிச்சையிலும் வில்வத்திலும் எலுமிச்சை அழகி வரும், எருக்கில் வெந்தய வரியன், ஈஸ்வரமூலிக் கொடியில் சிவப்புடல் அழகி, சரக்கொன்றையில் கொன்றை வெள்ளையன். எருக்கை வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதும் உண்மை. அதனால் பின்மதில் ஓரம் ஒன்றே ஒன்று விட்டுவையுங்கள். கிலுகிலுப்பை நாலைந்து செடி விதைத்து, காய்ந்த பிறகும் பிடுங்காமல் விடுங்கள். தென்மேற்குப் பருவமழை முடிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்கு நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் போகும் நீல வரியன்கள் காய்ந்த கிலுகிலுப்பையில் வந்து மொய்க்கும். ஆண் பூச்சிகள் அந்தச் செடியின் சாற்றிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனைக்கான பொருளை எடுத்துக்கொள்கின்றன.

கொடிகளில் ஆதொண்டை, பிரண்டை, சீந்தில் தாராளமாக வைக்கலாம். செங்காந்தள் நம் மாநில மலர், கரட்டோரங்களில் மழைக்குத் தானாக எழும்பும். ஆனால் அதன் கிழங்கும் விதையும் கொடிய விஷம், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

வேலி போட வேண்டிய இடத்தில் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டுவதற்குப் பதிலாகக் கிளுவை வைக்க முடியுமா என்று யோசியுங்கள். கொங்குப் பக்கம் தோட்டங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இதுதான் வேலி. இலை உதிர்ந்து நிற்கும் காலத்தில் கட்டைவிரல் தடிமனில் போத்து (நடுவதற்கான கிளைக்குச்சி) வெட்டி, வெட்டிய முனை ஆறும்வரை நிழலில் சில நாள் போட்டு, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் மழைக்குத் துளிர்க்கும். ஈரம் அதிகமானால் அழுகும், அதனால் தினமும் தண்ணீர் விட வேண்டாம்.

புதர் என்றதும் வீட்டில் வரும் அடுத்த கேள்வி, பாம்பு வராதா? நியாயமான கேள்விதான். பாம்பு புதரைத் தேடி வருவதை விட எலியையும் தவளையையும் தேடித்தான் வரும். மிஞ்சிய சோறு, திறந்த குப்பை, அடுக்கி வைத்த செங்கல், பழைய ஓடு, விறகு இவை இருக்கும் வீட்டில் ஒரு புதரும் இல்லாவிட்டாலும் வரும். கதவிலிருந்து பத்தடிக்குள் அடர்ந்த புதர் வேண்டாம், நடக்கும் வழியை ஒட்டி இருக்கும் செடிகளில் தரையிலிருந்து ஓர் அடி வரை கிளையைக் கழித்துவிடுங்கள், இரவில் போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். இதையும் மீறி வீட்டில் யாராவது பயந்தால் முள் புதரைப் பின்மதிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிறுமரம், பெரிய மரம்

வீட்டு மனைக்கு என் முதல் தேர்வு வெப்பாலை, சரக்கொன்றை, மாவிலங்கம், நறுவிலி. வெப்பாலை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், வறட்சி தாங்கும், அதிகம் அகலாது. நறுவிலியை மூக்குச்சளிப் பழம் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும், பழம் பிசுபிசுப்பாக இருந்தாலும் பறவைகள் ஒன்றைக்கூட விடாது. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே மட்டும் வேண்டாம். வில்வம், விளா, நெல்லி, நுணா, பவழமல்லி இவையும் சிறிய இடத்துக்குச் சரி. நிழலுக்குப் புங்கன் நல்லது, வேகமாக வரும். அதன் இலையில் கொப்புளம் கொப்புளமாக இருப்பதைப் பார்த்துப் பலர் மருந்து தேடுகிறார்கள். அது சிறு சிலந்திப்பேன்களின் வேலை, மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

வேம்பும் அப்படித்தான். சில வருடங்களாக மழைக்காலம் முடியும் சமயத்தில் வேம்பின் நுனிக்கிளைகள் கருகிப்போய், மரமே செத்துவிட்டது போல் நிற்கிறது. பூஞ்சையும் தேயிலைக்கொசு என்கிற சாறுறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்வது. பதறி வெட்டிவிடாதீர்கள், பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்க்கின்றன.

நாவல், இலுப்பை, மருதம், அரப்பு இவற்றுக்குக் குறைந்தது 20 அடி, முடிந்தால் 25 அடி வீட்டிலிருந்து விலகல் வேண்டும். இலுப்பை மெதுவாக வளரும், நடுகிறவருக்குப் பலன் தெரியப் பல வருடம் ஆகும், ஆனால் பூத்தால் வௌவால்கள் திருவிழாவாக வரும். ஆல், அரசு, இச்சி வகைகளை வீட்டு மனையில் வைக்கவே வைக்காதீர்கள். அவை பறவைகளுக்கு எவ்வளவு முக்கியமென்று எனக்கும் தெரியும், மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதத்திலும் அவற்றில் இருக்கும். ஆனால் வேர் சுவரையும் செப்டிக் டேங்கையும் தேடிப் போகும். ஆசை இருந்தால் ஏரிக்கரையிலோ கோயில் நிலத்திலோ அனுமதி வாங்கி ஒரு போத்து ஊன்றுங்கள்.

மதிலுக்கும் சிறுமரத்துக்கும் 6 முதல் 8 அடி. மரத்துக்கு மரம் 10 அல்லது 12 அடி. புதருக்குப் புதர் 3, 4 அடி. மேலே மின்கம்பி போகிறதா என்று குழி தோண்டும் முன் ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் வருடாவருடம் மின்வாரிய ஆட்கள் வந்து உச்சியைக் கொய்துவிட்டுப் போவார்கள்.

மியாவாக்கி முறை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கன்றுக்கு மேல் நெருக்கி நடும் ஜப்பானிய முறை அது. பொட்டல் நிலத்தை வேகமாக மூட உதவும். வீட்டுப் புழக்கடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் இரண்டு மூன்று வருடம் நிறையத் தண்ணீர் கேட்கும், வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு எல்லாம் ஒல்லியாக மேலே போகும், நாம் முக்கியமென்று சொன்ன அந்தக் கீழ்மட்டப் புதர் அதில் நிற்காது.

மலை மேல் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டில் நிலைமை வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி வந்தது, பிற்பாடு நிழலுக்கும் மிளகுக்கும் சில்வர் ஓக் வந்து வரிசை கட்டி நிற்கிறது. அது ஆஸ்திரேலிய மரம். நேராக வளரும், கவாத்து தாங்கும், மிளகு ஏறும், அதனால் தோட்டக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம். மலைப்பகுதியில் மரம் வெட்ட விதிமுறைகள் உண்டு, சொந்த நிலமானாலும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இடைவெளிகளில் நாவல், அத்தி, சந்தன வேம்பு, கடுக்காய், கருங்குங்கிலியம் நடுங்கள். கல்யாண முருங்கை போத்திலேயே வரும், மிளகும் ஏறும், சிவப்புப் பூவுக்குப் பறவைகள் குவியும். ஆனால் இலையில் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் ஒரு சிறு குளவி அதைப் பாடாய்ப்படுத்துகிறது. அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

புதர்களில் வெள்ளிலை, மிளகரணை, வெட்சி, உள்ளூர்க் குறிஞ்சி வகைகள். இந்திய தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது, ஆர்க்கிட் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். மலையின் சொந்த மரங்களைப் பெயர்ப்பலகையோடு பார்க்கவும் ஒருமுறை போய் வாருங்கள். வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே வைத்த ஒரு சிறுமரம் உண்டு, இந்த மலைக்கே உரியது, அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதைக் காட்டிலிருந்து பிடுங்கி வந்து வளர்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். காட்டிலிருந்து எந்தச் செடியையும் எடுக்கக் கூடாது, காப்புக்காட்டிலிருந்து விதை பொறுக்கவும் அனுமதி வேண்டும்.

மலையில் காட்டெருமை வரும். நீங்கள் போடும் கம்பி வேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கன்றுகளைத் தனித்தனியாக நடாமல், முள் புதர்களுக்கு நடுவே மூன்று நான்காகச் சேர்த்து நடுங்கள்.

கன்றும் விதையும்

வனத்துறை நாற்றங்கால்களில் முதலில் கேளுங்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கிய பிறகு நாட்டு மரக் கன்றுகள் அங்கே முன்பை விட அதிகமாகக் கிடைக்கின்றன. மரம் கிடைத்துவிடும், புதர்தான் கிடைக்காது. களா, காரை, விராலி, சங்கஞ்செடி எல்லாம் நாமே விதை போட்டு எழுப்ப வேண்டியவை.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டடிக் கன்று போதும். தண்டு அடியில் தடித்திருக்க வேண்டும், பையின் அடியில் வேர் துளைத்துத் தரையில் இறங்கியிருக்கக் கூடாது. ஆறடி உயரத்தில் சின்னப் பையில் நிற்கும் கன்றுக்குள் வேர் சுருண்டு சுருண்டு கிடக்கும், அது கடைசிவரை தேறாது.

விதையில் இரண்டு வகை. வேம்பு, இலுப்பை, நாவல் இவற்றின் விதையைக் காயவைத்துச் சேமித்தால் முளைப்பு போய்விடும். ஜூன், ஜூலையில் பழம் விழ விழப் பொறுக்கி, சதையைக் கழுவி, ஓரிரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஆவாரை, சரக்கொன்றை, அரப்பு இவற்றுக்கு ஓடு கெட்டி. கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள், ஊதிய விதையை விதையுங்கள், ஊதாததை மறுபடி ஊறவிடுங்கள். சரக்கொன்றை விதையைச் சொரசொரப்பான கல்லில் ஒரு பக்கம் தேய்த்துவிட்டு ஊறவைத்தால் இன்னும் சீக்கிரம் வரும். புழு வைத்த விதையைத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மிதக்கும், அதைத் தள்ளிவிடலாம்.

எப்போது நடுவது

கீழே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. மேலே ஜூன் முடிந்து ஜூலையில் மண் நன்றாக நனைந்ததும். மே மாதக் கோடை மழையில் ஏமாந்து நட்டால் அடுத்து வரும் காய்ச்சலில் கன்று வாடும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு நட்டு, படம் எடுத்து, ஜூலையில் குச்சியாக நிற்பவை ஊரெங்கும் இருக்கின்றன. குழி மட்டும் ஜூன், ஜூலையிலேயே தோண்டி ஆறப்போட்டு வைக்கலாம்.

குழியும் நடவும்

மரத்துக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. புதருக்கு ஒன்று முதல் ஒன்றரை அடி. சரளை மண்ணில் வட்டமாக வழுவழுவென்று தோண்டாதீர்கள், வேர் பானைக்குள் சுற்றுவது போலச் சுற்றும். சதுரமாகத் தோண்டி, பக்கவாட்டில் கடப்பாரையால் நாலு குத்து குத்திவிடுங்கள். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை ஒரு பக்கம் போடுங்கள்.

தோண்டிய குழியை நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையிலும் தண்ணீர் நின்றால் கீழே பாறை அல்லது களி. அந்த இடத்தில் மருதம், மாவிலங்கம், பூவரசு மாதிரி ஈரம் தாங்குவதை வையுங்கள், இல்லையென்றால் ஓர் அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

மேல்மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, கரையான் இருக்கும் இடமானால் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அவ்வளவுதான். குழி முழுக்க எருவாக நிரப்பினால் வேர் அந்தக் குழியை விட்டு வெளியே போகாது, யூரியா போட்டால் தழை வரும், அதைத் தேடிப் பூச்சி வரும். மக்காத சாணியைப் போடவே போடாதீர்கள், சூட்டில் வேர் வெந்துவிடும், கரையானும் வரும்.

சாயங்காலம் நடுங்கள். முதலில் பையோடு கன்றைத் தண்ணீரில் நனைத்து எடுத்து, பையைப் பிளேடால் கிழித்து, மண் உதிராமல் இறக்குங்கள். அடியில் சுருண்ட வேர் இருந்தால் அந்தச் சுருளை மட்டும் வெட்டிவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் தரையும் இருக்க வேண்டும், தண்டைப் புதைத்தால் அழுகும். சுற்றி மண் தள்ளிக் காலால் அழுத்தி, ஊன்றுகம்பு நட்டு, சணல் கயிற்றால் எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். பாலித்தீன் பையைக் குழியிலேயே போட்டு மூடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, எடுத்து வெளியே போடுங்கள்.

சமதளத்தில் கன்றைச் சுற்றி வட்டப்பாத்தி. சரிவில் பள்ளத்துப் பக்கம் பிறை மாதிரி வரப்பு, மேலிருந்து ஓடிவரும் மழைநீர் அதில் தங்கட்டும். பாத்திக்குள் நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்கு: காய்ந்த இலை, கடலைத் தோல், கரும்புச் சோகை, மலையில் காபித் தோல், எது கிடைக்கிறதோ அது. தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்

முதல் வருடம் மழையில்லாத வாரங்களில் வாரத்துக்கு இரண்டு முறை, மரக்கன்றுக்கு 10 முதல் 15 லிட்டர், புதருக்கு 3 முதல் 5 லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதை விட இது நல்லது. மேலோட்டமாக நனைந்தால் வேரும் மேலோட்டமாகவே நிற்கும். இரண்டாம் வருடம் வாரம் ஒரு முறை. மூன்றாம் கோடையில் இலை சுருண்டால் மட்டும். நாட்டுச் செடிக்கு அதற்குப் பிறகும் தண்ணீர் தேவைப்படுகிறது என்றால் இடத்தேர்வில் ஏதோ கோளாறு.

வெளியூர் போகிறவர்கள் பானை வையுங்கள். அடியில் சின்ன ஓட்டை போட்டு, பருத்தித் திரி செருகிய மண்பானையைக் கன்றுக்கு ஓர் அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால், சில நாளுக்குக் கவலையில்லை. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணீரையும் ஆர்.ஓ. கழிவுநீரையும் சிறு கன்றுக்கு ஊற்றாதீர்கள், உப்பு சேர்ந்து மண் இறுகும்.

அப்புறம் என்ன செய்வது

அதிகமில்லை. ஆடு, மாடு வரும் இடமென்றால் முள் வெட்டிக் கன்றைச் சுற்றிக் கட்டுங்கள். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தை நிறுத்துங்கள், மரத்தடியிலேயே தள்ளிவிடுங்கள். பூச்சி மருந்து வேண்டாம். கறிவேப்பிலையை ஒரு புழு மொட்டையடித்தால் கோபம் வரத்தான் செய்யும்; செடி மறுபடி துளிர்த்துவிடும், புழு அழகியாகப் பறந்துவிடும். குழம்புக்குத் தட்டுப்பாடு வந்தால் இன்னொரு செடி வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி மாற்றுங்கள், கொசு வராது. இரவெல்லாம் எரியும் தோட்ட விளக்கை அணைத்துவிடுங்கள்.

கவாத்து செய்வதென்றால் கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். புதர்களை மொத்தமாக மட்டம் தட்டி வெட்டினால் பூவும் காயும் போய்விடும், முதிர்ந்த கிளைகளில் ஒரு பங்கை மட்டும் தூரில் எடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வருடத்தில் நீங்கள் நடாதவையும் முளைக்க ஆரம்பிக்கும். சின்னானும் குயிலும் பழம் தின்றுவிட்டு வந்து உட்காரும் இடத்துக்குக் கீழே வேம்பு, நுணா, உண்ணி, சில சமயம் சந்தனம்கூட வரும். நாலு இலை விடும்வரை காத்திருந்து, இன்னதென்று தெரிந்த பிறகு பிடுங்குங்கள். உண்ணி என்றால் பிடுங்கிவிடலாம். சந்தனம் என்றால் விடுங்கள், அது பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து உறிஞ்சித்தான் வளரும், நீங்கள் நட்ட புதர்கள் அதற்குத் துணையாக இருக்கும். சொந்த நிலத்தில் வளர்க்கத் தடையில்லை. வெட்டுவதற்குத்தான் வனத்துறை அனுமதி வேண்டும், பெரிதானால் திருட்டு பயமும் உண்டு. அதனால் எத்தனை கன்று நிற்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.